இணையமும் இடையில் நின்றவர்களும்

கொட்டச்சேட்டில் பழுக்கும் காப்பிக்கு விலை வைக்கும் இடம் கொட்டச்சேடு அல்ல, சேலமும் அல்ல. குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் அமைந்த சிற்றூர் அது. சேர்வராயன் மலையின் பிற ஊர்களைப் போலவே அங்கும் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள் நிற்கின்றன. அம்மரங்களிலேயே மிளகுக் கொடியும் ஏறியிருக்கிறது. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலைக்குக் கொண்டுவந்த பயிர் காப்பி. பெருந்தோட்டங்களிலும், மலையாளிப் பழங்குடியினரின் சிறு நிலங்களிலும் விளைகிற அது பெரும்பாலும் அராபிகா வகை. அராபிகாவின் உலக விலையோ நியூயார்க்கின் முன்பேரச் சந்தையில் நாள்தோறும் ஏறி இறங்குகிறது.

நெடுங்காலம் இந்த ஏற்ற இறக்கம் மலையில் இருப்பவர் அறிந்தாக வேண்டிய செய்தியாக இருக்கவில்லை. 1942ஆம் ஆண்டின் காப்பிச் சட்டம் ஏற்படுத்திய முறைப்படி, விளைந்ததைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். வாரியம் அதை விற்றுத் தவணைகளில் பணம் தரும். தாமதம் உண்டு, முணுமுணுப்பும் உண்டு. ஆனால் சந்தையோடு மல்லுக்கு நிற்கும் வேலை விவசாயிக்கு இல்லை. 1992 முதல் இந்த முறை படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 1996இல் முற்றிலும் நீங்கியது. 1997 மே மாதத்தில் நியூயார்க்கில் அராபிகா ஒரு பவுண்டுக்கு 300 சென்ட்டைத் தாண்டியது. 2001இன் இறுதியில் அதே காப்பி 50 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. இந்த இரண்டு விலைகளுக்கும் இடையில், தோட்டத்து வாசலில் வியாபாரி சொல்லும் விலை நியாயமானதா என்று தெரிந்துகொள்ளும் தேவை முதன்முறையாகச் சிறு விவசாயியின் தலையில் வந்து விழுந்தது.

ஏறத்தாழ அதே சமயத்தில், 1995 ஆகஸ்ட் 15 அன்று, இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியது. நியூயார்க்கின் விலையை இருந்த இடத்திலேயே பார்க்கும் வழி பிறந்துவிட்டது என்று இதைச் சொல்லலாம். ஆனால் வழி பிறப்பதும், முன்பின் அறியாத ஒருவர் அதில் நடக்கத் தொடங்குவதும் ஒன்றல்ல. இணையத்தின் வரலாற்றை நாம் பெரும்பாலும் கம்பிகளின் வரலாறாகவும் கருவிகளின் வரலாறாகவுமே எழுதி வந்திருக்கிறோம். தமிழ் நிலத்தில் அது எப்படிப் பரவியது என்று கூர்ந்து பார்த்தால், ஒவ்வொரு கட்டத்திலும் புதியவருக்கும் இணையத்துக்கும் இடையே ஒரு மனிதர் நின்றிருக்கிறார். அவர் இருந்த இடத்தில் இணையம் நிலைத்தது. அவரைத் தாங்குவார் இல்லாமற்போன இடத்தில் கணினி தூசி படிந்து கிடந்தது. அந்த இடைமனிதர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

கம்பி

1995க்கு முன்பே இந்தியாவில் இணையம் இருந்தது, பொதுமக்களுக்கு இல்லை. 1986இல் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு தொடங்கிய எர்னெட் என்னும் கல்வி, ஆய்வு வலையமைப்பில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஓர் உறுப்பு. அங்கிருந்த பேராசிரியர்களும் மாணவர்களுமே தமிழ்நாட்டில் மின்னஞ்சலைக் கையாண்ட முதல் தலைமுறையினர்.

வி.எஸ்.என்.எல். நிறுவனம் மும்பை, தில்லி, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் 1995இல் தொடங்கிய சேவை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டக்கூடியதாக இல்லை. நொடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில் 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய். தொலைபேசிக் கட்டணம் தனி. அந்த வேகம் எவ்வளவு என்று இன்றைய வாசகருக்குச் சொல்ல வேண்டும். நொடிக்குச் சுமார் 1,200 எழுத்துகள் வரும். 100 கிலோபைட் அளவுள்ள ஒரு சிறு படம் வந்துசேர ஒன்றரை நிமிடம் பிடிக்கும். அருகில் இணைப்பு முனை இல்லாத ஊரில் இருப்பவர் எஸ்.டி.டி. கட்டணம் செலுத்திப் பெருநகரத்தை அழைக்க வேண்டும். மோடம் கீச்சிட்டு, கரகரத்து, ஒருவழியாக மௌனமானால் இணைப்பு கிடைத்துவிட்டது என்று பொருள்.

குறைந்த கட்டணக் கணக்கு வைத்திருந்தவர்களுக்குத் திரையில் படம் ஏதும் வராது. கறுப்புத் திரை, அதில் எழுத்துகள், அவ்வளவுதான். கடிதத்துக்கு ஒரு கட்டளை, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய ஒரு கட்டளை, கோப்பை இறக்கிக்கொள்ள ஒரு கட்டளை, கலந்துரையாடல் குழுக்களைப் படிக்க இன்னொன்று. இன்று ஒரே உலாவிக்குள் அடங்கிவிட்ட இவையெல்லாம் அன்று தனித்தனிச் சேவைகள். ஒவ்வொன்றையும் தனியே பயில வேண்டும். அவற்றைப் பயின்றவர்கள் பெரும்பாலும் பொறியாளர்களும் மாணவர்களும். ஒருவர் மற்றவரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அப்போதே இணையம் ஆள்வழிக் கல்வியாகத்தான் இருந்தது.

எழுத்து

இணைப்புக் கிடைத்தவருக்கு அடுத்த தடை எழுத்து. தமிழுக்குப் பொதுவான குறியீட்டு முறை அப்போது புழக்கத்தில் இல்லை. ஒவ்வொரு பத்திரிகைத் தளமும் தன் சொந்த எழுத்துருவை வைத்திருந்தது. அதை இறக்கி நிறுவாவிட்டால் ஒரு சிறுகதை முழுவதும் மேல்நாட்டு எழுத்துகளின் குப்பையாகக் காட்சி தரும். 'தமிழில் படிக்க என்ன செய்ய வேண்டும்?' என்பதே புதிதாக வரும் ஒவ்வொரு தமிழரும் கேட்ட முதல் கேள்வி.

பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் கடல் கடந்து வாழ்ந்த தமிழர்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிகளின் கவிதைகளைக் கொண்ட வலைத்தளம் ஒன்று 1995 அக்டோபரில் வெளிவர வழிசெய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாக வழங்கினார். ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் மடலாடற்குழுவில் தமிழிலேயே மடல் எழுதிப் பழகியவர்கள், 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியபோது பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்யவும் மெய்ப்புப் பார்க்கவும் முன்வந்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு, விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒரு பொதுத்தரத்தை வகுக்க முயன்றது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பெயர்கள் இணையத் தமிழ் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. இடம்பெறாதவர்கள் வேறு சிலர் உண்டு. நள்ளிரவில் வரும் மடலுக்கு, இந்தக் கோப்பை இறக்குங்கள், அந்தப் பட்டியலில் இதைத் தேர்ந்தெடுங்கள் என்று பொறுமையாகப் பதில் எழுதிய குழு உறுப்பினர்களைச் சொல்கிறேன். ஒரே விளக்கத்தை நூறு பேருக்கு நூறு முறை எழுதினார்கள். ஊதியம் இல்லை; பல சமயம் நன்றிகூட வந்ததில்லை. இருந்தும் தமிழில் எழுதும் ஒரு தலைமுறை அவர்கள் கைவழியாகத்தான் இணையத்துக்குள் வந்தது.

ஆள்

1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கும் இணையச் சேவை உரிமம் கிடைத்தது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே முதலில் களமிறங்கியது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் எஸ்.டி.டி. பூத்துகளும் ஜெராக்ஸ் கடைகளும் பிரவுசிங் சென்டர்களாக மாறின. பலகைத் தடுப்புகளுக்கு இடையே நாலைந்து கணினிகள், ஒரு பதிவேடு, மணிக்கணக்கில் கட்டணம். தேர்வு முடிவு பார்க்க வந்த மாணவர், வெளிநாட்டில் இருக்கும் மகனின் கடிதத்தை எதிர்பார்த்து வந்த பெற்றோர், வேலைக்கு விண்ணப்பிக்க வந்த பட்டதாரி எனப் பலரும் முதன்முதலில் இணையத்தைத் தொட்டது அங்கேதான்.

அந்த மையத்தில் உட்கார்ந்திருந்த இளைஞரே அவர்களுக்கு ஆசான். மின்னஞ்சல் முகவரியை அவர்தான் உண்டாக்கிக் கொடுப்பார். கடவுச்சொல்லையும் பெரும்பாலும் அவரே ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பார். தட்டச்சு தெரியாதவர்களுக்கு, அவர்கள் சொல்லச் சொல்லத் தமிழை ஆங்கில எழுத்துகளில் அடித்து அனுப்புவார். அஞ்சலகத்துத் திண்ணையில் மணியார்டர் பாரம் நிரப்பிக் கொடுத்தவரும், ராணுவத்தில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவரும் நம் ஊர்களில் புதியவர்கள் அல்லர். இவர் அந்த மரபின் கடைசிக் கண்ணி. அந்த மரபில் இருந்த ஆபத்தும் இவரிடம் இருந்தது: உங்கள் அந்தரங்கம் முழுவதும் அவருக்குத் தெரியும். ஆனால் ஊர்க்காரர் என்ற கட்டுப்பாடு அவருக்கு இருந்தது. மறுநாளும் அதே தெருவில் உங்கள் முகத்தில் விழிக்க வேண்டும்.

ஊருக்கே ஒரு திரை

நகரத்துப் பிரவுசிங் சென்டர் காசு கொடுக்கக்கூடியவருக்கு உரியது. படிக்கவே தெரியாதவருக்கு இணையம் எதற்கு என்ற கேள்விக்குப் புதுச்சேரியில் ஒரு பதில் கிடைத்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு சுற்றுக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. இடமும் ஆளும் ஊர் தர வேண்டும். கருவிகளை நிறுவனம் தரும். எல்லாச் சாதியாரும் உள்ளே வர வழியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடைசி நிபந்தனை எளிதானதல்ல என்பதை நம் ஊர்களை அறிந்தவர் அறிவர். தொலைபேசிக் கம்பி நம்பத்தகுந்ததாக இல்லாததால் வில்லியனூரிலிருந்து வானலை வழியே செய்திகள் ஊர்களுக்குப் போயின. மையங்களில் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பெண்கள்.

அவர்கள் கொடுத்தது இணையம் அல்ல. இணையத்திலிருந்து சலித்து எடுத்த செய்தி. நெல் விலை, உர விலை, பேருந்து நேரம், அரசுத் திட்டங்களின் விதிகள், வறுமைக்கோட்டுப் பட்டியலில் யார் யார் பெயர் இருக்கிறது என்ற விவரம். பட்டியல் வெளிப்படையாக இருப்பது எவ்வளவு பெரிய அரசியல் மாற்றம் என்பதை விளக்க வேண்டியதில்லை. 'நம்ம ஊரு சேதி' என்ற சிற்றிதழும் இம்மையங்களின் வழியே வந்தது.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்தில் வங்கக் கடலின் அலை உயரக் கணிப்பு வெளியாகும். வில்லியனூரில் அதை இறக்கி, தமிழாக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே தெருக்களில் பொருத்திய ஒலிபெருக்கிகள் அதைச் சொல்லும். கட்டுமரம் இறக்குமுன் காது கொடுத்துக் கேட்டவர்களில் பலர் கணினியைத் தொட்டதே இல்லை. இருந்தும் அவர்கள் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள்தாம். யார் 'பயனர்' என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

இந்த ஏற்பாட்டின் முழுப் பொருளும் 2004 டிசம்பர் 26 அன்று வெளிப்பட்டது. நல்லவாடு என்னும் மீனவ ஊரைச் சேர்ந்த, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஓர் இளைஞர், ஆழிப்பேரலைச் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். ஊரார் தகவல் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். 3,000க்கும் மேற்பட்ட மக்கள் கரையை விட்டு அகன்று உயிர் தப்பினர். அன்று செய்தியைக் கொண்டுவந்தது தொலைபேசி, இணையம் அல்ல. ஆனால் ஊர் நடுவே ஒரு மையம் இருந்தது; அதன் குரலைக் கேட்டுப் பழகிய காதுகள் இருந்தன. ஒலிபெருக்கியை ஒரே நாளில் வாங்கிவிடலாம். அதன் பேச்சை நம்பி வீட்டைப் போட்டுவிட்டு ஓடும் நம்பிக்கை ஒரே நாளில் வருவதில்லை.

மேலூரின் பாடம்

புதுச்சேரி முயற்சி அறநிறுவனத்தின் பொறுப்பில் நடந்தது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001இல் தொடங்கிய முயற்சி, மையம் தன் வருமானத்திலேயே நிற்க வேண்டும் என்ற எண்ணத்தோடு பிறந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லா இணைப்பு அதற்கு அடித்தளம். ஒரு கோபுரத்தைச் சுற்றி ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்களுக்கு நொடிக்கு 35 முதல் 70 கிலோபிட் வேகம். ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் கூட்டுச் சேர்ந்தன. உள்ளூர் ஆண்களும் பெண்களும் சுமார் 50,000 ரூபாய் முதலீட்டில் மையம் தொடங்கினார்கள்.

தொடக்கம் நம்பிக்கை தந்தது. வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மையத்திலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஒரு நாள் கூலியும் பேருந்துக் காசும் மிச்சம். கண்ணைப் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்டார்கள். நோய் கண்ட வெண்டைச் செடியின் படத்தை வேளாண் கல்லூரிக்கு அனுப்பி மருந்து கேட்ட விவசாயியும் உண்டு.

சில ஆண்டுகளில் பல மையங்கள் மூடப்பட்டன. ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் மின்னஞ்சல் விண்ணப்பங்களுக்குப் பதில் வருவது நின்றது. கருவி பழுதானால் பார்க்க ஆள் வரவில்லை. மையம் நடத்தியவர் கடனைக் கட்ட வழியின்றித் திணறினார். ஆய்வாளர்கள் பின்னர் அலசியபோது கண்டதும் இதுவே: குறை பெரும்பாலும் கருவியில் இல்லை, கருவிக்குப் பின்னால் நிற்க வேண்டிய அமைப்பில் இருந்தது. மையத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் படித்த இளம் ஆண்கள் என்பதும், மையம் எங்கே இருக்கிறது, யார் நடத்துகிறார் என்பதைப் பொறுத்தே மற்றவர்கள் உள்ளே வந்தார்கள் என்பதும் அந்த ஆய்வுகள் சொன்ன இன்னொரு செய்தி. கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது. உள்ளே இருப்பவர் தம்மை வரவேற்பாரா என்பதையே புதியவர் முதலில் பார்க்கிறார்.

மலை

மேலூரின் கோபுரம் சமவெளிக்கு ஏற்றது. அந்த வகை வானலைக்குக் கோபுரமும் வீட்டு ஆன்டெனாவும் ஒன்றையொன்று நேராகப் 'பார்க்க' வேண்டும். சமவெளியில் ஒரு கோபுரம் பல ஊர்களைப் பார்க்கும். சேர்வராயன் போன்ற மலையில் ஒரு முகட்டுக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கிடைக்கும் அலை அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் இறங்காது. மக்கள் தொகையும் சிதறியிருக்கும். ஆகவே செலவு கூடும், வருமானம் குறையும். செய்தி அதிகம் தேவைப்பட்ட இடத்துக்கு அது தாமதமாகவே வரும் என்பது இந்தக் கணக்கின் விளைவு.

மலைக்கு வேறொரு வழி உண்டு என்பதை இலங்கையின் மலையகம் காட்டியது. மகாவலித் திட்டப் பகுதி மக்களுக்காக 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையோடு ஒரு சோதனையில் இறங்கியது. நேயர்கள் தங்கள் ஐயத்தை நிலையத்துக்கு எழுதுவார்கள். அறிவிப்பாளர் நிகழ்ச்சியின்போதே இணையத்தில் தேடி, மருத்துவரையோ வேளாண் அறிஞரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்டதை உள்ளூர் மொழியில் விளக்குவார். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் அந்த மலைச்சரிவுகளில், கணினி இல்லாத வீடுகள் வானொலிப் பெட்டியின் வழியே இணையத்தை உலாவின. ஆர்வம் பிறந்தவர்கள் நேரில் வந்து கற்றுக்கொள்ள நிலையத்திலும் கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினிகள் இருந்தன. இணையம் என்பது என்ன என்று வரையறை சொல்லித் தொடங்காமல், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத் தொடங்கிய பாடம் அது.

இன்று

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் தரவின் விலை சரிந்தது. பிரவுசிங் சென்டர்கள் பெரும்பாலும் மறைந்தன. சில, இ-சேவை மையங்களாகவும் ஆன்லைன் விண்ணப்பக் கடைகளாகவும் உருமாறின. காப்பியின் நியூயார்க் விலையை இன்று கைப்பேசியில் யாரும் பார்க்கலாம். கம்பியின் தடை பெரிதும் நீங்கியது. எழுத்தின் தடையும் நீங்கியது. முழுதும் நீங்கிவிடவில்லை என்பதை 2020ஆம் ஆண்டின் கொரோனா முடக்கம் காட்டியது: நாட்டின் பல மலைப் பகுதிகளில் பிள்ளைகள் அலைவரிசை தேடி மேட்டுக்கும் மரத்துக்கும் ஏறிப் பாடம் கேட்டார்கள்.

ஆனால் மூன்றாவதாக இருந்த ஆள் போய்விட்டார். இன்று அறுபது வயதில் முதன்முறையாக ஒரு கைப்பேசியைக் கையில் வாங்குபவர் தனியாக இணையத்துக்குள் நுழைகிறார். அவருக்கு முன்னால் அஞ்சல், சந்தை, வங்கி, அரசு அலுவலகம் எல்லாம் ஒரே கண்ணாடித் துண்டில் இருக்கின்றன. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி ஓடிபி எண்ணைக் கேட்கும் குரலும் அதே துண்டிலிருந்துதான் வருகிறது. அன்று கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்த பிரவுசிங் சென்டர் இளைஞருக்கு முகம் இருந்தது. இந்தக் குரலுக்கு இல்லை. பணம் பறிபோனபின் அழைக்க 1930 என்ற எண் இருக்கிறது. பறிபோவதற்கு முன் கேட்டுத் தெளிய ஓர் ஆள் பக்கத்தில் இல்லை.

ஆகவே, புதியவர்களுக்கு இணையத்தை அறிமுகப்படுத்தும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பது தவறு. கருவி வந்தபின்தான் அது தொடங்குகிறது. ஊர் நூலகம், பள்ளி, மகளிர் சுயஉதவிக் குழு, கூட்டுறவுச் சங்கம் ஆகியவை இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றன. அவற்றில் ஒருவர், ஊதியத்தோடும் பயிற்சியோடும், கேட்டவருக்குச் சலிக்காமல் பதில் சொல்ல உட்கார்ந்திருந்தால் போதும். வில்லியனூரும் கொத்மலையும் அதைச் செய்து காட்டின. அந்த ஆளைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை மேலூர் காட்டியது. கொட்டச்சேட்டில் காப்பி விற்கும் ஒரு சிறு விவசாயிக்கு நியூயார்க்கின் விலை இன்று திரையில் தெரிகிறது. பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்ற அந்த எண், தன் களத்தில் காயும் மூட்டைக்கு எத்தனை ரூபாய் ஆகும் என்பதை உட்கார்ந்து கணக்கிட்டுக் காட்ட ஒருவர் வேண்டும். அவர் கிடைக்கும் வரை அந்த விலை வியாபாரிக்கு மட்டுமே தெரிந்த விலையாகத்தான் இருக்கும்.